கோழிக்கு வியர்க்காது, மல்லிகா

க. பரமத்தி,
மே 9

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். மின்சாரம் போனது, பேத்தி மடியில் ஏறிக்கொண்டாள், பேனாவை வைத்துவிட்டேன். இன்று விடியும் முன்னே எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன். உடம்பில் காற்று படுவது இந்த இரண்டு மணி நேரம்தான். கத்திரி வெயில் தொடங்கி ஆறு நாள் ஆயிற்று. வெயில் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால், அடுத்த வரியிலேயே உங்கள் வேலூரும் வருகிறது. ஒரே வகுப்பில் படித்தவர்கள் இப்போது ஒரே வெயிலில் காய்கிறோம்.

என் முழங்கால் பரவாயில்லை. அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் உன் கோழிகள்.

ஐந்து கோழியும் மத்தியானம் வாயைத் திறந்தபடி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு நிற்கின்றன, சீக்கா என்று கேட்டிருந்தாய். பயப்படாதே. கோழிக்கு வியர்க்காது. நமக்கு நெற்றியில் அரும்புகிற வியர்வை செய்கிற வேலையை அது மூச்சு வாங்கித்தான் செய்ய வேண்டும். அதன் உடம்புச் சூடே 41, 42 டிகிரி. வெளியே 40 ஆகிவிட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போவது கஷ்டம். இறக்கையை விரிப்பது, அடியில் முடி குறைவான இடத்தில் காற்றுப் படட்டும் என்று. கொண்டையும் தாடியும் காலும்கூடச் சூட்டை வெளியே விடுகிற இடங்கள்.

ஓடு கெட்டியாகாமல் தோல்முட்டை வருகிறது என்றாயே, அதற்கும் இதுவேதான் காரணம். ஓயாமல் மூச்சிரைத்தால் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். முட்டை ஓட்டின் சுண்ணாம்பு உருவாக அது வேண்டும். போதாததற்கு வெயிலில் தீனியும் சரியாக எடுப்பதில்லை. ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் கட்டுகிறது. அதனால் கிளிஞ்சல் தூளையோ, காயவைத்து நுணுக்கிய முட்டை ஓட்டையோ சாயங்காலம் தனிக் கிண்ணத்தில் வை. வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் இதே மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கீரிப்பிள்ளை வந்துவிடுமோ என்று பயந்து ஒன்பது கோழிகளையும் தகரக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். போகிற அவசரத்தில், பசியோடு இருக்க வேண்டாமே என்று பத்து மணிக்குக் கம்பும் சோளமும் அள்ளிப் போட்டேன். பெரிய வாளியில் தண்ணீரும் வைத்தேன். திரும்பி வர நாலரை மணி. நாலு கோழி செத்துக் கிடந்தன. அதில் ஒன்று, என் கையிலிருந்தே கொத்தித் தின்னும் அந்தச் செவலைக் கோழி. வாளித் தண்ணீரில் கையை வைத்தேன், வெந்நீர் மாதிரி இருந்தது.

அன்றைக்கு நான் செய்ததில் எது எது தப்பு என்று பல நாள் யோசித்தேன். தகரம் ஒன்று. கதவைச் சாத்தியது இரண்டு. ஆனால் தீனியும் ஒரு காரணம் என்று கால்நடை மருந்தகத்தில் சொன்னபோதுதான் எனக்குத் திக்கென்றது. தின்ற தானியம் செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும். பத்து மணிக்குத் தின்றால் சரியாக உச்சி வெயிலில் அந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும். அன்பால் போட்ட தீனி அது. கொழுத்த கோழிகள்தான் முதலில் விழுந்தன.

அதனால் இப்போது வெளிச்சம் வந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் தானியம். நடுவில் வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணித் தோல், கீரைத் தண்டு கொடுக்கிறேன். பழைய சோற்றில் மோர் விட்டுக் கொஞ்சம் வைப்பதும் உண்டு. அரை மணியில் தின்னாவிட்டால் எடுத்துவிடு, இந்த வெயிலில் உடனே புளித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நீ கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு கோழிக்குக் கால் லிட்டர் போதும். இப்போது அரை லிட்டருக்கு மேலேயே குடிக்கும், தண்ணீர் சூடாக இல்லாவிட்டால். சூடான தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரை மத்தியானம் நேராகப் பிடித்து வைக்காதே. காலையிலேயே பானையில் ஊற்றி வைத்துக்கொள். பிளாஸ்டிக் வேண்டாம், மண்சட்டி வாங்கு. நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வை, ஒரே சட்டி என்றால் வலுத்த கோழி மற்றதை அண்ட விடாது. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மாற்று. ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் வெல்லமும் கரைத்து ஒரு சட்டியிலும், வெறும் தண்ணீரைப் பக்கத்துச் சட்டியிலும் வைக்கிறேன். எலுமிச்சை நல்லது, ஆனால் கோடையில் அது விற்கிற விலைக்கு நமக்கே கிடைப்பதில்லை. நெல்லிக்காய் கிடைத்தால் அரைத்துச் சாறு கலக்கலாம்.

உன் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதியிருந்தாய். அதன்மேல் தென்னங்கீற்றைக் கனமாகப் பரப்பி, காற்றில் பறக்காதபடி கயிற்றால் கட்டச் சொல். பனையோலை கிடைத்தால் இன்னும் நல்லது. கீற்று கிடைக்கும்வரை சுண்ணாம்பாவது அடித்து வை. வெள்ளையாக இருந்தால் வெயிலை வாங்காது. பக்கச் சுவர் இருந்தால் ஒரு பக்கத்தையாவது எடுத்துவிட்டுக் கம்பி வலை அடி. காற்று குறுக்கே போக வேண்டும், மல்லிகா. என் நாலு கோழியையும் கொன்றது நின்றுபோன காற்றுதான்.

மின்விசிறி வைக்கலாமா என்று கேட்டாயே. காலையிலும் ராத்திரியிலும் வை, நிம்மதியாகத் தூங்கும். உச்சி வெயிலில் அது அனல் காற்றைத்தான் அள்ளி வீசும். காற்று வருகிற பக்கம் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டால் அதே காற்று குளிர்ந்து வரும். உங்கள் ஊரும் எங்கள் ஊரும் வறண்ட வெயில் என்பதால் இது பலிக்கும். சென்னையில் இருக்கும் உன் மகள் இதைச் செய்தால் புழுக்கம்தான் கூடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் கோழி எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது. அதே காரணத்துக்காக, சாத்திய கூண்டுக்குள் தண்ணீர் அடித்து நனைக்காதே.

என் அம்மா கோழியை மூடி வைக்கும் பஞ்சாரக் கூடையின் மேல் ஈரச்சாக்குப் போடுவார்களே, நினைவிருக்கிறதா? முழுப் பரீட்சை லீவில் நீ எங்கள் வீட்டில் தங்கியபோது, சாக்கு காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது நம் இரண்டு பேர் வேலை. அப்போது எதற்கென்றே தெரியாமல் செய்தோம். அம்மா வாழையடியில் பாத்திரம் கழுவிய தண்ணீரை விடுவதும் அப்படித்தான். அந்த ஈர மண்ணைக் கோழிகள் கிளறிக் குழி பண்ணி வயிற்றை அழுத்திப் படுத்திருக்கும். இப்போது புங்க மரத்தடியில் இரண்டு குடம் ஊற்றி வைக்கிறேன், பத்து மணிக்கெல்லாம் எல்லாம் அங்கே போய்விடுகின்றன.

எவ்வளவு செய்தும் ஒன்று தலை தொங்கி, கால் தள்ளாடி விழுந்தால், உடனே நிழலுக்குத் தூக்கிப் போ. கழுத்துவரை சாதாரணத் தண்ணீரில் மெல்ல அமிழ்த்து, தலை வெளியே இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் கூடாது. கொண்டையையும் நனைத்துவிடு. தெளிந்தபின் அதுவாகக் குடிக்கட்டும், வாயில் ஊற்றாதே. இந்த வருஷம் ஒரு பெட்டையை இப்படித்தான் மீட்டேன்.

சீக்கா, சூடா என்று நான் பிரித்துப் பார்ப்பது இப்படி: வெயில் இறங்கி அரை மணியில் வாய் மூடினால் அது சூடு. சாயங்காலக் காற்றிலும் உறங்கி வழிந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் வெள்ளைக்கழிச்சல் என்கிற தொத்து நோயாக இருக்கலாம். அந்தக் கோழியைப் பிரித்து வைத்துவிட்டு மருந்தகத்துக்கு ஓடு. தடுப்பூசி போட்டாயா என்று நீ எழுதவே இல்லை. கோடைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால், நன்றாக இருக்கும் கோழிகளுக்கு எப்போது போடலாம் என்று டாக்டரைக் கேள்.

அடை வைக்க வேண்டும் என்கிறாய். இப்போது வேண்டாம். இந்தச் சூட்டில் சேர்த்து வைத்த முட்டையிலேயே கரு அரைகுறையாகக் கிளம்பிக் கெட்டுவிடும், இருபத்தொரு நாள் கூடையை விட்டு அதிகம் எழாத தாய்க்கோழியும் வதங்கிப் போகும். ஆடிக்காற்று வீசட்டும். நானும் அப்போதுதான் வைக்கிறேன். என்னிடம் கழுத்தில் முடியில்லாத கோழி இரண்டு உண்டு. முடி குறைவாக இருப்பதால் வெயிலை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன. குஞ்சு பொரித்தால் உனக்கு ஒரு ஜோடி.

இங்கே வேறென்ன? தம்பி பெண் இப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரி பண்ணைக்காரர்களுக்காகத் தருகிற வானிலை அறிக்கையைப் பேப்பரில் நான் பல வருஷமாகப் படிக்கிறேன். இனி அவளிடமே கேட்டுக்கொள்வேன். முழங்காலுக்கு டாக்டர் நடக்கச் சொல்கிறார். சட்டித் தண்ணீர் மாற்ற நடப்பதே போதும் என்று தோன்றுகிறது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, அதுதான் கவலை.

முற்றத்தில் வெளிச்சம் வந்துவிட்டது, தீனி போடப் போகிறேன். கீற்று கட்டினாயா, முட்டை ஓடு தேறியதா என்று உடனே எழுது.

அன்புடன்,
சரசு