முதல் வீடு தேடுகிறவர்களை அவசரப்படுத்தாதீர்கள்: வீட்டுத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீட்டுத் தரகர்களுக்கும் விற்பனை முகவர்களுக்கும்,

வணக்கம். புறநகரில் முதல் வீடு வாங்க அலைகிறவர்களோடு துணைக்குப் போகிற ஆள் நான். அண்ணன் மகள், நண்பர்களின் பிள்ளைகள், கூட வேலை பார்க்கும் இளைஞர்கள் என்று சனி, ஞாயிறு வந்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். "நீங்க வந்தா நாலு கேள்வி கேப்பீங்க" என்பார்கள். அப்படிப் போய் வந்ததில் உங்கள் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். முதல் வீடு வாங்க வருகிறவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

விலை இப்படி ஏறிக் கிடப்பதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. 14 நாடுகளின் வீட்டு விலையை 1870 முதல் 2012 வரை அலசிய பொருளியலாளர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய விலையேற்றத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு மண்ணின் விலை ஏறியதால் வந்தது என்று கண்டார்கள். செங்கல்லும் கூலியும் அதற்கு அப்புறம்தான். எங்கே எத்தனை மாடி கட்ட விடுவது, எந்தப் பக்கம் ரயில் விடுவது என்பதெல்லாம் அரசுகள் பார்க்க வேண்டிய வேலை. அந்தச் சண்டையை அங்கே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த விலையின் முன்னால் வந்து நிற்கும் ஒரு புது ஆளுக்கு யோசிக்க எத்தனை நாள் கிடைக்கிறது, என்ன விவரம் கையில் கிடைக்கிறது என்பதில் பெரும்பங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது.

பார்த்த வீடுகளில் ஒன்றைச் சொல்கிறேன். கீழ்த்தளப் படுக்கையறைக்குள் நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. மூன்று சுவர்கள் பழசு. அலமாரி நின்ற பக்கத்துச் சுவரில் மட்டும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் புதிதாக அடித்திருந்தார்கள். கை வைத்தேன், சில்லென்று இருந்தது. விரலால் அழுத்தினால் பூச்சு லேசாக உள்ளே போனது. "ஓதம் ஏறுதா?" என்று கேட்டேன். "சும்மா டச்சப் பண்ணியிருக்காங்க சார், அவ்வளவுதான்" என்றார் முகவர். அடுத்த மூச்சிலேயே, "வெளியே இன்னொரு பார்ட்டி காத்திருக்காங்க, சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றார்.

அண்ணன் மகள் அப்போது சமையல் மேடையைச் சாணால் அளந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று மொபைலில் தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "சித்தப்பா, இதை விட்டா அடுத்தது கிடைக்குமா?"

அந்தக் கேள்வியை நீங்கள் ஒவ்வொரு வாரமும் கேட்டிருப்பீர்கள். வீடு பிடித்திருக்கிறதா, சுவரில் என்ன கோளாறு, கட்டுப்படியாகுமா என்ற மூன்று கேள்விகளும் அங்கே காணாமல் போய்விட்டன. விட்டுவிடுவோமோ என்ற பயம் மட்டும் மிச்சம். சுவர் அடியில் ஈரம் ஏறுவதற்குக் காரணம் பல இருக்கலாம். உள்ளே குழாய் கசியலாம், வெளியே மண்மட்டம் வீட்டுத் தரையைவிட உயரமாக இருக்கலாம், அடித்தளத்தில் ஈரத்தடுப்பு போடாமலே விட்டிருக்கலாம். முதலாவது சின்னச் செலவோடு போய்விடும். மூன்றாவது பெரிய வேலை. எது என்று தெரிந்துகொள்ள, விஷயம் தெரிந்த ஒருவர் ஈரமானியோடு வந்து சுவரையும் வெளிப்புறத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்கு அரை நாள் போதும். அந்த அரை நாளைத்தான் அந்த முகவர் தர மறுத்தார்.

இவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்பதை எண்களில் வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுத் தவணையில் 100 பங்கு கடன் வாங்கினால், கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போனது ஏறக்குறைய 200 பங்கு. முதல் மாதத் தவணையில் ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போகிறது. ஐந்து ஆண்டுகளில் 50 பங்கு கட்டிய பிறகும் அசலில் 12, 13 பங்குதான் குறைந்திருக்கும். அதாவது தப்பான வீட்டை வாங்கிவிட்டோம் என்று ஐந்தாம் வருஷம் தெரிந்தால், விற்றுவிட்டு வெளியே வருவது அவ்வளவு சுலபமில்லை. விலை கொஞ்சம் இறங்கியிருந்தாலும் கைப்பணம் போய்விடும். "இன்னும் ஒரு அஞ்சு பர்சென்ட் ஏத்திச் சொல்லுங்க, வீடு உங்களுக்குத்தான்" என்று நீங்கள் சொல்லும் அந்த ஐந்தைக் கடனாக வாங்கினால், அவர்கள் கட்டப்போவது பத்து.

கடனாக வாங்க முடிந்தால்தானே அதுவும். வங்கி கடன் கொடுப்பது பெரும்பாலும் தன் மதிப்பீட்டாளர் போடும் விலையை வைத்து. பேசிய விலை 100, வங்கியின் மதிப்பீடு 92 என்று வையுங்கள். மதிப்பில் 80 விழுக்காடுதான் தருவோம் என்றால் கிடைப்பது 73.6. கையில் 20 வைத்துக்கொண்டு வந்தவர்கள் திடீரென்று 26.4 புரட்ட வேண்டும். முன்பணம் வேறு கொடுத்தாகிவிட்டது. வாக்கை மீறினால் அது போய்விடும். ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருப்பவர் அதை விற்றோ அடகு வைத்தோ சமாளிப்பார். முதல் வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? நகை போகிறது, அப்பாவின் ஓய்வூதியப் பணம் போகிறது, அல்லது அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் எடுக்கிறார்கள். முன்பணம் கைமாறியவுடன் நீங்கள் போய்விடுவதால் இந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன்.

அவசரத்தால் விற்பவருக்காவது லாபம் உண்டா? அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் சிகாகோ புறநகர்ப் பகுதிகளில் நடந்த ஏறக்குறைய 1,00,000 வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே மாதிரியான வாடிக்கையாளர் வீட்டைவிட சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள், 3.7 விழுக்காடு அதிக விலையும் பெற்றார்கள். காரணம் புரிகிறது. விலை 100இலிருந்து 103 ஆனால், 2 விழுக்காடு கமிஷன் வாங்குகிறவருக்குக் கூடுவது 0.06. அதற்காக இன்னும் பத்து நாள் அலைவதைவிட, இன்றைக்கே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதே கட்டுப்படியாகும். உங்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லவில்லை. முடிந்தால்தான் கூலி என்ற முறையில் வேலை செய்யும் யாரும் இப்படித்தான் நடந்துகொள்வார்கள். ஆனால் ஒன்று தெளிவாகிறது. இந்த அவசரம் வாங்குபவருக்கும் வேண்டாதது, பல நேரம் விற்பவருக்கும் வேண்டாதது. அது உங்களுடைய அவசரம். அதைக் கொண்டுபோய் சேமிப்பை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்திருக்கும் இரண்டு இளைஞர்களின் தலையில் கட்டக்கூடாது.

அப்புறம், "இன்னொரு பார்ட்டி" விஷயம். உண்மையிலேயே இன்னொருவர் இருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் எழுத்தில் விலை கொடுத்திருக்கிறாரா, வந்து பார்த்துவிட்டு மட்டும் போனாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் எவ்வளவு சொன்னார்கள் என்று தெரியாத போட்டியில் ஜெயிப்பவர் பெரும்பாலும் மதிப்பை அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவராக இருப்பார். எண்ணெய் நிலங்களுக்கான ஏலத்தைப் பார்த்து மூன்று பொறியாளர்கள் 1971இலேயே இதை எழுதிவிட்டார்கள். அது பெரிய எண்ணெய் நிறுவனங்கள் மோதிக்கொண்ட ஏலம். நிபுணர் படை வைத்திருந்தவர்களே அங்கே அதிகம் கொடுத்துவிட்டு விழித்தார்கள். முதல் முறையாக ஒரு ஒப்பந்தத்தைக் கையில் பிடிப்பவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

விளம்பரத்தில் போடும் விலையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் 1987இல் வெளியான ஒரு சோதனையில், ஒரே வீட்டை முகவர்களிடம் காட்டி, விளம்பர விலையை மட்டும் ஆளுக்கொரு விதமாக மாற்றிக் கொடுத்தார்கள். கூடுதல் விலையைப் பார்த்தவர்கள் வீட்டின் மதிப்பையும் கூட்டிச் சொன்னார்கள். அந்த விலையை வைத்துத்தான் மதிப்பிட்டோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகக் குறைவு. தொழில் தெரிந்த உங்களையே ஒரு எண் இப்படி இழுக்குமானால், வேண்டுமென்றே குறைத்துப் போட்டுக் கூட்டம் சேர்ப்பதும், கூட்டித் தள்ளிவிட்டு "உங்களுக்காகக் குறைச்சேன்" என்பதும் புது ஆளை என்ன செய்யும்?

வேறு மாதிரி செய்யவே முடியாது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து, பொதுவாக ஒரு வீட்டை விற்பனைக்கு விடும் முன்பே விற்பவர் ஓர் அறிக்கை தயார் செய்ய வேண்டும். சர்வேயர் பார்த்து எழுதிய கட்டட நிலவரம், மதிப்பீடு, மின்சாரமும் எரிபொருளும் எவ்வளவு செலவாகும் என்ற விவரம், விற்பவரே பதில் எழுதிக் கொடுத்த கேள்வித்தாள் எல்லாம் அதில் இருக்கும். பார்க்க வரும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் கொடுத்து ஒரே சுவரைச் சோதிக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2017 மே முதல், எதிர்பார்க்கும் விலையோடு, பக்கத்தில் அண்மையில் விற்ற மூன்று ஒத்த வீடுகளின் விலையையும் முகவர் எழுத்தில் காட்ட வேண்டும். விலையை "இத்தனையிலிருந்து இத்தனை வரை" என்று போட்டால் இடைவெளி 10 விழுக்காட்டுக்குமேல் போகக்கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரியிலிருந்து, விலையை விற்பவர் ஏற்றுக்கொண்ட பிறகும் வாங்குபவர் மூன்று வேலை நாட்களுக்குள் பின்வாங்கலாம், விலையில் 0.25 விழுக்காடு கட்டணம் கொடுத்தால் போதும். அதே நாட்டின் ஒன்டாரியோவில் 2023 டிசம்பரிலிருந்து, விற்பவர் விரும்பினால் மற்றவர்கள் சொன்ன விலையை எல்லோருக்கும் வெளிப்படையாகக் காட்டலாம்.

இவற்றால் விலை குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மண் கிடைக்காத இடத்தில் எந்த அறிக்கையும் மண்ணைக் கொண்டுவராது. ஆனால் ஏமாந்து வாங்குவதும் தெரிந்து வாங்குவதும் ஒன்றில்லை. அதிக விலைதான், ஆனாலும் எங்களுக்கு இந்த வீடு வேண்டும் என்று விவரம் எல்லாம் தெரிந்து முடிவெடுத்தவர்கள் அந்தக் கடனைப் புலம்பாமல் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பக்கத்தில் என்ன வீடு என்ன விலைக்குப் போனது என்பது உங்கள் விரல் நுனியில் இருக்கிறது, அதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். தெரிந்த குறையைக் கேட்பதற்கு முன்பே சொல்லலாம். விலை பேசும் முன் ஒரு பொறியாளரை அழைத்துவர ஒரு நாள் விடலாம். முன்பணம் வாங்கும்போது, வங்கி மதிப்பீடு குறைந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்க்க விற்பவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம். ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டுக் காலைக்குள் பதில் கேட்பதை மட்டுமாவது நிறுத்தலாம்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் வீடு பார்ப்பவர்கள் உண்டு. ஐந்து முறை காட்ட வைத்துவிட்டு, உங்களைத் தாண்டிப் போய் விற்பவரிடமே பேசி கமிஷனை மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. அது நியாயமில்லை. கடன் எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியில் எழுத்தில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். என்னோடு வருகிறவர்களிடம் நானும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். அப்படித் தயாராக வருகிறவர்களிடமாவது அவசரம் காட்டாதீர்கள்.

அந்த ஓதச் சுவர் வீட்டை அவர்கள் வாங்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை உங்களில் யாராவது ஒருவருடைய வீட்டுக்கு வருவோம். விற்ற விலைகளின் தாளும், வீட்டின் குறைகளை எழுதிய தாளும் தயாராக இருந்தால், என்ன முடிவு என்பதை ஒரு வாரத்துக்குள் எழுத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
முதல் வீடு தேடுகிறவர்களுக்குத் துணைக்கு வரும் ஒரு சித்தப்பா