டொக்டருக்கு ரிப்போர்ட் அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்
அண்ணாமார், அக்காமார், நேற்றிரவு ஒருவர் தன் அம்மாவின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டொக்டருக்கு என்று நினைத்து இந்தக் குழுவில் போட்டுவிட்டார். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உடனே அழித்துவிட்டேன்.

பின்னேரங்களில் தனியாக நோயாளரைப் பார்க்கும் டொக்டர்மார் சிலர் இப்போது வட்ஸ்அப்பிலேயே நம்பர் தருகிறார்கள், ரிப்போர்ட்டும் பார்க்கிறார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறிப்போய் "இன்றைக்கு டொக்டர் வரமாட்டார்" என்று கேட்டுத் திரும்பிய எங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அனுப்பமுதல் யாருக்குப் போகிறது என்று ஒருதரம் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே மருத்துவத் தகவலை விசேடமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அப்புறம், ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் வைத்து நான்கு மூலையும் தெரியப் படம் எடுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மெசேஜ் போட்டுக் காத்திருக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.