கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு

ஐயா,

போன வாரம் இரவு விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். சாலை காலியாகத்தான் தெரிந்தது. சட்டென்று ஹெட்லைட் வெளிச்சத்தில் கரும்புத் தோகை! ஒரு டிராக்டர், பின்னால் இரண்டு டிரெய்லர். பின்விளக்கு கிடையாது. ஒளிரும் சிவப்புப் பட்டையைத் தொங்கிய கரும்பு மறைத்திருந்தது. பிரேக்கை மிதித்து நின்றபோது நடுவில் ஐந்தாறு அடிதான் இருந்தது. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் நினைத்தால் கை நடுங்குகிறது.

2019 ஜூலை முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை எல்லாம் கட்டாயம். சரி, நல்லதுதான். ஆனால் இருட்டில் முன்னால் ஊர்ந்து போகிற வண்டியை ரிவர்ஸ் சென்சாரா காட்டிக் கொடுக்கும்?

கரும்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதே ஆலை வாசலில் விளக்கைச் சோதிக்கலாம். எரியாவிட்டால் அடுத்த நடைக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம், பாரம் ஏற்றியதும் கடைசிக் கரும்புக்கட்டின் மேல் பேட்டரியில் மின்னும் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டச் சொல்லுங்கள். அரவை முடியும்வரை காத்திருக்காமல், மாவட்ட நிர்வாகம் இந்த வாரமே ஆலைகளிடம் பேச வேண்டும்.

ஒரு வாசகர்,
விழுப்புரம்