முத்திரையை உறையிலிருந்து கழற்ற வேண்டாம்

ஆசிரியருக்கு,

தபால் முத்திரை சேகரிப்பைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விருப்பமாக வாசித்தார்கள். ஆனால் அதில் சிறுவர்களுக்குச் சொன்ன ஒரு யோசனையை அப்படியே விட முடியாது. பழைய உறையை வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, முத்திரையை மட்டும் கழற்றி அல்பத்தில் வைக்கும்படி எழுதியிருந்தார்கள். வன்னியிலிருந்து போன கடிதங்களுக்கு இதைச் செய்யவே கூடாது.

கட்டுரை முத்திரையின் அழகைச் சொன்னது, அதன் மேல் தபாற்கந்தோரில் குத்தும் சீலைத் தொடவேயில்லை. முத்திரையின் நிறத்தையே மாற்ற வைத்தது சீல்தான். 1840 மே மாதம் பிரித்தானியாவில் வெளிவந்த உலகின் முதல் முத்திரை கறுப்பு, சீல் சிவப்பு. சிவப்பு மையை அழித்துவிட்டு அதே முத்திரையை மறுபடி ஒட்ட வழியிருந்ததால், அடுத்த வருடமே முத்திரையைச் சிவப்பாக்கிச் சீலைக் கறுப்பாக்கினார்கள். விக்டோரியா மகாராணியின் முகத்தைப் போட்டதிலும் மோசடிப் பயம் உண்டு. முகத்தில் ஒரு கோடு பிசகினாலும் போலி என்று கண் கண்டுபிடித்துவிடும். அதை அச்சிட்ட பேர்கின்ஸ் பேக்கன் நிறுவனமே இலங்கையின் முதல் முத்திரையையும் அச்சிட்டது. 1857 ஏப்ரல் 1இல் வந்த அந்த ஆறு பென்ஸ் முத்திரையிலும் அதே மகாராணிதான், ஓரத்தில் துளையும் கிடையாது. 1935இல் தொடங்கிய படவரிசையில்தான் ரப்பர் பால் வெட்டுவதும் கொழுந்து பறிப்பதும் சிவனொளிபாத மலையும் வந்தன. ஒரு பழைய குளமும் காட்டு யானையும்கூட உண்டு. எங்களுக்கு யானையை முத்திரையில் பார்க்கவேண்டிய தேவை இல்லை, அது வேறு கதை.

முத்திரை கொழும்பில் ஒட்டினாலும் முல்லைத்தீவில் ஒட்டினாலும் ஒன்றுதான். ஊரையும் திகதியையும் சொல்வது சீல். அந்தச் சீல் பாதி முத்திரையிலும் பாதி உறையிலுமாக விழும். கழற்றினால் ஊர்ப் பெயர் இரண்டு துண்டாகிவிடும், உறை குப்பைக்குப் போகும். பதிவுத் தபாலென்றால் உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். போய்ச் சேர்ந்த தபாற்கந்தோரின் சீல் அங்கே இருந்தால், கடிதம் வழியில் எத்தனை நாள் கிடந்தது என்று கணக்குப் பார்க்கலாம். வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்ததும் 2006 ஓகஸ்டில் திரும்பப் பூட்டியதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு கடிதத்துக்கு என்ன நடந்தது என்பதை அந்த உறையில்தான் பார்க்கலாம்.

இங்கே வன்னியில் அப்படியான உறைகள் மிஞ்சவில்லை. 2009 போரில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் காப்பாற்றவே பலரால் முடியாமல் போனது, கடிதக் கட்டை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? ஆனால் கிளிநொச்சியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் எழுதிய கடிதங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் யாருடையவோ சூட்கேசில் கிடக்கும். உள்ளே இருப்பது குடும்ப விசயம், அதை யாரும் கேட்கவில்லை. உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பும்படி உங்கள் வெளிநாட்டு வாசகர்களிடம் கேட்டு, மாதம் ஒன்றையாவது நீங்கள் வெளியிடலாமே. விலாசத்தை மறைத்துவிடுங்கள்.

வைத்திருப்பவர்கள் செலோடேப் ஒட்ட வேண்டாம், காலம் போக அது மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். சான்றிதழ்களுக்குச் செய்கிற மாதிரி லமினேட்டும் பண்ண வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. அமிலமில்லாத தாள் உறை ஒன்றில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
முள்ளியவளை வாசகர் ஒருவர்