நீல விளக்கு காட்டிக்கொடுத்தது

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவளே ஊசியில் நூல் கோர்க்கிறாள்.

சரி, உன் போர்டு விஷயம். திரையோடு வரும் அந்த மஞ்சள் இ.எஸ்.பி.32 போர்டிலிருந்து உன் நானோவுக்கு (சின்ன ஆர்டுயினோ போர்டு) டேட்டா அனுப்பும்போதெல்லாம் திரை மினுக்குகிறது என்று எழுதியிருந்தாய். பி3 சாக்கெட்டில் 21-ஆம் பின்னை டி.எக்ஸ். ஆக, அதாவது டேட்டா அனுப்பும் முனையாக, வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அந்த மஞ்சள் போர்டில் 21-ஆம் பின்தான் திரையின் பின்விளக்கை எரிக்கிறது. டி.எக்ஸை 22-க்கு மாற்று. டேட்டா வாங்கும் ஆர்.எக்ஸ். 35-லேயே இருக்கட்டும், அந்தப் பின் வழியாக டேட்டா வாங்க மட்டும்தான் முடியும். ஆனால் உன் நானோ 5 வோல்ட்டில் பேசும், இ.எஸ்.பி.32-க்கு 3.3 தான். அந்த 5 வோல்ட்டைக் குறைக்க, நானோவின் டி.எக்ஸிலிருந்து 35-க்கு 1 கே (1000 ஓம்), 35-லிருந்து கிரவுண்டுக்கு 2 கே ரெசிஸ்டர் கட்டாயம் போடு.

இதே போர்டோடு நானும் மூன்று ராத்திரி மல்லுக்கட்டினேன். மாமாவின் வள்ளத்தில் வைக்க ஒரு நியோ-6எம் ஜி.பி.எஸ். இணைத்தேன். டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று இருக்கிறதே என்று முதலில் பி1 சாக்கெட்டில் செருகினேன். புரோகிராமே ஏறவில்லை. அந்த இரண்டு கம்பியும் யூ.எஸ்.பி. சிப்புக்கும் பொது; ஜி.பி.எஸ். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் சொல்வது உள்ளே போகாது.

அப்புறம் 22, 27 பின்களுக்கு மாற்றி, புரோகிராமில் சீரியல்2 என்ற இன்னொரு டேட்டா வழியைத் திறந்தேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. குப்பை எழுத்தாவது வந்திருந்தால் பாட் ரேட் (டேட்டா வேகம்) தப்பு என்று தெரிந்திருக்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் தப்பு கம்பியில், அல்லது பின் எண்ணில். கம்பியை எத்தனை தடவை மாற்றிச் செருகினேன் தெரியுமா! கடைசியில், இந்தப் பக்கத்திலிருந்தாவது ஏதாவது போகிறதா பார்ப்போம் என்று நொடிக்கு ஒரு வரி அனுப்பினேன். போர்டின் முதுகில் நீல எல்.இ.டி. நொடிக்கொரு தடவை மினுங்கியது. அப்போதுதான் புரிந்தது. சீரியல்2-ஐத் திறக்கும் பிகின் வரியில் நான் பின் எண்களே கொடுக்கவில்லை. என்னிடம் இருந்த பழைய கோர் (இ.எஸ்.பி.32-க்கான ஆர்டுயினோ மென்பொருள்), எண் சொல்லாவிட்டால் 16, 17-ஐ எடுத்துக்கொள்ளும். இந்தப் போர்டில் அவை பச்சை, நீல விளக்குகளின் பின்கள்.

27, 22 என்று எழுதிச் சேர்த்ததும் டாலர் குறியோடு ஜி.பி.எஸ். அனுப்பும் வரிகள் திரையில் ஓடின. வீட்டுக்குள் செயற்கைக்கோள் எட்டாததால் வெறும் காற்புள்ளிகள்தான் நிறைய. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷம்! காலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனதும் வடக்கு 8, கிழக்கு 78 என்று தூத்துக்குடியைச் சரியாகக் காட்டியது. மாமா அடுத்த வாரம் கடலுக்கு எடுத்துப் போகிறார். உப்புக்காற்று படாமல் இருக்க ஒரு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.

22-க்கு மாற்றியதும் மினுக்கல் நின்றதா என்று உடனே எழுது. இரண்டு போர்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடு.

அன்புடன்,
செல்வம்