முன்பதிவை ரத்து செய்தால் முன்பணம் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கேமராவுக்காக நான் கட்டிய 1,000 ரிங்கிட் முன்பணத்தைத் திரும்பப் பெற எனக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் பிடித்தன. பணம் முழுதாகக் கைக்கு வந்துவிட்டபடியால் அந்தக் கடை மீது எனக்கு இப்போது வழக்கு எதுவும் இல்லை. கடையின் பெயரை எழுதும் எண்ணமும் இல்லை. ஆனால், ரசீதின் அடியில் அச்சாகியிருக்கும் 'டெபாசிட் திருப்பித் தரப்படாது' என்ற ஒரு வரியைப் பார்த்ததுமே, போனது போனதுதான் என்று கைவிட்டுவிடுகிறவர்கள் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது இந்த நான்கு மாதங்களில்தான் எனக்குத் தெரிய வந்தது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். பால்மரமான ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களில் பாதி ஆளில்லாமல் கிடக்கும் இந்நாளில், எஞ்சியிருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தையும் கோயில் மண்டபத்தையும் இடித்துத் தள்ளுவதற்குள் ஒழுங்காகப் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. பெரிய கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் வயதானவர்கள் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு வந்து விறைப்பாக நின்றுவிடுகிறார்கள். ஆகவே கைக்கு அடக்கமான ஒன்றைத் தேடினேன். ஃபுஜிஃபிலிம் நிறுவனம் 2024 பிப்ரவரி 20ஆம் தேதி அறிவித்த எக்ஸ்100 விஐ என்ற கேமரா, 23 மில்லிமீட்டர் லென்ஸ் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டது, 40 மெகாபிக்சல் கொண்டது, கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி அந்த வரிசையில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது என்றெல்லாம் படித்தேன். என் கை இப்போது சற்று நடுங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கேமராவுக்கு உலகம் முழுவதும் தட்டுப்பாடு ஏற்பட்டது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தேவை அவ்வளவு இருந்தது. அதற்காகத் தயாரிப்பாளரை நான் குறை சொல்ல வரவில்லை. எப்போது சரக்கு வரும் என்று தனக்கே தெரியாத நிலையில், அதைச் சொல்லாமல் முன்பணம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் ஈப்போவில் ஒரு கடையில் பணத்தைக் கட்டினேன். 'ஆறு வாரம், அதிகம் போனால் இரண்டு மாதம், அங்கிள்' என்று விற்பனையாளர் சொன்னார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மே மாதத்தில் வரும். அதற்குள் கைக்கு வந்துவிடும் என்பது என் கணக்கு. அந்த ஆறு வாரத்தை ரசீதில் எழுதித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு 'எதையும் எழுதி வை' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் செய்த தவறு அது.

மே போயிற்று, திருவிழாவை மகளின் கைப்பேசியில்தான் எடுத்தேன். ஜூனில் புலனம் (வாட்ஸ்அப்) வழியாகக் கேட்டபோது, 'ஸ்டாக் இன்னும் வரல, அங்கிள்' என்று பதில் வந்தது. ஆகஸ்டிலும் அதே வாசகம், ஓர் எழுத்தும் மாறாமல். செப்டம்பரில் நேரில் போனேன். அங்கேதான், கேமராவோடு தோலுறை, வடிகட்டிக் கண்ணாடி, கூடுதல் பேட்டரி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக வாங்குகிறவர்களுக்கு முதலில் கிடைக்கிறது என்பதும், எனக்குப் பிறகு பதிந்த ஓர் இளைஞர் அவ்வாறே வாங்கிப் போய்விட்டார் என்பதும் பேச்சோடு பேச்சாக வெளிப்பட்டன. வரிசை என்று ஒன்று இருப்பதாக நம்பியே பணம் கட்டினேன். வரிசை இல்லையென்றால் அந்த 1,000 ரிங்கிட் எதற்கான உத்தரவாதம்?

அக்டோபர் தொடக்கத்தில் முன்பதிவை ரத்து செய்வதாகச் சொன்னேன். பணமாகத் தர முடியாது, ஆறு மாதத்துக்குள் கடையில் வேறு எதையாவது வாங்கிக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதை நான் ஏற்காதபோது, தொகையை மொத்த விற்பனையாளருக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அனுப்பியதற்கு ஆதாரம் கேட்டேன். அது அலுவலக விவகாரமாம். பிறகு என் ரசீதைத் திருப்பி வைத்து, அடியிலிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

விரல் வைத்த இடத்தில் எழுத்தே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்பான தாளைப் பணப்பையின் பிளாஸ்டிக் உறைக்குள் ஏழு மாதம் வைத்திருந்தேன்; தேதியும் தொகையும் வெளிறிப்போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் நிழலாகத் தெரிந்தன. பணம் கட்டிய அன்று மாலையே மகள் விளையாட்டாக அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். அன்றைக்கே ஒரு நகல் எடுத்திருந்தால் ஐம்பது காசு செலவாகியிருக்கும்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்த விவகாரத்துக்காகப் படித்தவற்றைத் தெரிந்த அளவில் சொல்லலாம். 'டெபாசிட்' என்பது வாங்குகிறவர் தம் சொல்லில் நிற்பார் என்பதற்குக் கொடுக்கும் அச்சாரம். காரணமின்றி அவரே பின்வாங்கினால் நியாயமான அளவிலான அச்சாரத்தைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள இடமுண்டு. அப்போதுங்கூட, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, இழப்பீடு நியாயமான அளவைத் தாண்டக்கூடாது என்கிறது. வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்வதையும் இந்த அளவுகோல் கொண்டே பார்க்க வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. காலையில் பதிந்துவிட்டு மாலையில் வேறு கடையில் ஐம்பது ரிங்கிட் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவருக்காக வாதாட எனக்கு மனம் வராது.

என் நிலை அதுவன்று. பொருளை எப்போது தருவது என்று ஒப்பந்தத்தில் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு. ஆறு வாரம் என்று வாயால் சொல்லி ஏழு மாதம் கடந்த பின், இடையில் வந்த சரக்கையும் மற்றவருக்குக் கொடுத்த பின், சொல் தவறியவர் யார்? வாங்குகிறவரை மட்டும் கட்டிப் போட்டுவிட்டு விற்பவரை எதற்கும் கட்டாத ஒரு வரியை ரசீதில் அச்சடித்துவிட்டால் அது கல்லில் செதுக்கியதாகிவிடாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே 2010இல் கொண்டுவந்த திருத்தத்தால் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த வரியைக் கண்டதும் பின்வாங்கத் தேவையில்லை. கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்கும் இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றம். சனங்கள் 'திரிபியூனல்' என்றே சொல்கிறார்கள். கட்டணம் ஐந்து ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரல்களை, விவகாரம் எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே பதியலாம். இரு தரப்புமே வழக்கறிஞரை அழைத்து வரக்கூடாது என்பது பொது விதி என்பதால், பெரிய கடைக்கு முன் நாம் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. மன்றம் தரும் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமும் சிறையும் வரக்கூடும்.

படிவம் நிரப்புவதில் நான் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடையின் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் வேறு, பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தின் பெயர் வேறு. பலகைப் பெயரை எழுதிக் கொண்டுபோன என்னிடம், அந்தப் பெயரில் நிறுவனம் எதுவும் இல்லையே என்றார் முகப்பில் இருந்த அம்மையார். ரசீதின் தலைப்பில் பொடி எழுத்தில் இருந்த பதிவு எண்ணை வைத்து, மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவேட்டில் உண்மைப் பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் படிவம் ஏற்கப்பட்டது. அந்த எண்ணும் மகள் எடுத்த படத்திலிருந்துதான் கிடைத்தது. படிவம் தேசிய மொழியில் இருக்கிறது; நடந்ததைத் தேதி வாரியாகப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதினால் போதும். மனக்கொதிப்பை எல்லாம் கொட்டி நான் முதலில் எழுதிய மூன்று பக்கத்தை நானே கிழித்துப் போட்டேன்.

அதற்கு முன், கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன்: என்ன தேதியில் எவ்வளவு கட்டினேன், என்ன சொன்னார்கள், எத்தனை முறை கேட்டேன், இன்ன தேதிக்குள் பணத்தை இன்ன கணக்கில் போடுங்கள் என்று. பதில் இல்லை. ஆனால் தபால் ரசீதும் புலனச் செய்திகளின் அச்சுப்படிகளும் கோரலோடு இணைக்க உதவின. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் மட்டும் பேசியிருந்தால் என்னிடம் எதுவுமே இருந்திருக்காது. ரொக்கமாகக் கட்டியதால் எனக்கு வேறு வழியும் இல்லை. கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமே ஆட்சேபம் தெரிவித்துப் பணத்தைத் திருப்பக் கேட்டிருக்கலாம், அதற்குக் காலவரம்பு உண்டு என்பதை மறக்காமல்.

விசாரணைத் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடையிலிருந்து அழைப்பு வந்தது. குரல் மாறியிருந்தது. முழுத் தொகையையும் தருகிறோம், கோரலை மீட்டுக்கொள்ளுங்கள், அங்கிள் என்றார்கள். பணம் கணக்கில் ஏறட்டும், மறுநாளே மீட்டுக்கொள்கிறேன் என்றேன். பிப்ரவரி முதல் வாரத்தில் ஏறியது, சொன்னபடி மீட்டுக்கொண்டேன். இப்படி ஒரே அழைப்பில் தர முடிந்த பணத்தை, அக்டோபரில் தர முடியாது என்றது ஏன் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

எங்கள் பட்டணத்தில் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா என்று படமெடுத்துப் பிழைக்கும் தம்பிகள் சிலர் இதைக் கேள்விப்பட்டு வந்து விசாரித்தார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குவோருக்கானது. தொழிலுக்காக வாங்கிய கருவி என்றால் நடுவர் மன்றம் ஏற்காமல் போகலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரல் முறையை நாட வேண்டியிருக்கும்.

உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். 2013 ஜூலை முதல் நடப்பில் இருந்த மின்வணிக விதிமுறைகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் நிறுவனத்தின் பெயர், பதிவு எண், முழு விலை ஆகியவற்றோடு பொருள் எப்போது வந்து சேரும் என்ற உத்தேசக் காலத்தையும் வெளியிட வேண்டும் என்று கட்டளை இருந்தது. நான் அதே கேமராவை வீட்டிலிருந்து இணையத்தில் பதிந்திருந்தால் எனக்கு ஒரு காலக்குறிப்பு எழுத்தில் கிடைத்திருக்க வேண்டும். பேருந்து ஏறி ஈப்போவுக்குப் போய், மனிதரின் முகத்தைப் பார்த்துப் பணத்தைக் கையில் கொடுத்தவனுக்கு வாய்ச்சொல்தான் கிடைத்தது. முன்பணம் வாங்கும் எந்தக் கடையும் ரசீதில் உத்தேசத் தேதியையும், அது தவறினால் முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதியாக வேண்டும் என்று விதி வந்தால் போதும். கேமராவுக்கு மட்டுமல்ல; மோட்டார் சைக்கிள், அறைகலன், திருமண மண்டப அலங்காரம் என்று எங்கள் பக்கத்தில் முன்பணம் கேட்காத வியாபாரம் குறைவு. நான் பணம் கட்டிய 2024இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். என் முன்பணம் அதில் மூன்றில் இரண்டு பங்கு. ஓய்வூதியம் வாங்கும் எனக்கு நாலு முறை ஈப்போ போய்வர நேரம் இருந்தது. ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தானே போக வேண்டும்?

கேமராவை நான் இன்னும் வாங்கவில்லை. சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் இந்த விவரங்களைச் சொன்னபோது மூன்று பேர் ரசீதோடு வந்தார்கள். இருவருக்குக் கடைக்கு அனுப்பும் கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாமவர், கட்டில் அலமாரிக்காக 600 ரிங்கிட் கட்டியவர், பணப்பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அவர் எந்த வங்கிக் கணக்கிலிருந்து கட்டினார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.