இங்கிலாந்திலிருந்து ஒரு செவிலிய மாணவி தன் அக்காவுக்கு எழுதிய கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு வரை ஆர்வத்தோடு இருந்த உங்கள் செவிலிய மாணவிகள் மூன்றாம் ஆண்டில் எதைச் சொன்னாலும் "சரி மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று எழுதி, இங்கும் இப்படித்தானா, அல்லது இங்கே வேலை குறைவா என்று கேட்டிருந்தீர்கள். வேலை குறைவில்லை. ஆனால் வேலையின் அளவை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது என்று இப்போது எனக்குப் படுகிறது.

முதலில் இங்குள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். செவிலியராகப் பதிவு பெறுவதற்கு 4600 மணி நேரம் படித்திருக்க வேண்டும். அதில் சரிபாதியான 2300 மணி நேரம் வார்டிலும் நோயாளிகளின் வீடுகளிலும் மற்றப் பிரிவுகளிலும் பெறும் நேரடிப் பயிற்சி. பிளேஸ்மென்ட் என்று அதைச் சொல்கிறார்கள். நான் இருந்த வார்டுகளில் நீண்ட ஷிப்ட் காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு முடியும். நைட் டூட்டியும் வார இறுதியும் மாணவர்களுக்கும் உண்டு. விதிப்படி மாணவி வார்டின் ஆள் கணக்கில் சேரமாட்டாள். அவள் கூடுதலாக நிற்பவள், கற்றுக்கொள்வதே அவள் வேலை. அவளுக்குக் கற்றுத்தர ஒரு மேற்பார்வையாளரும், தேர்ச்சியை மதிப்பிட வேறொருவரும் இருக்க வேண்டும். ஒரே மாணவிக்கு இரண்டு பொறுப்பையும் ஒருவரே ஒரே நேரத்தில் ஏற்கக் கூடாது என்று 2018-இல் வந்த நெறிமுறை சொல்கிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். மதிப்பெண் போடுகிறவரிடம் "எனக்கு இது தெரியாது" என்று சொல்ல எந்த மாணவிக்குத்தான் துணிவு வரும்?

ஆள் பற்றாக்குறை உள்ள நாளில்தான் இந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. நான் இருந்த ஒரு பொது மருத்துவ வார்டில், காலையில் நோயாளிகளின் அளவீடுகளை எடுக்கச் சொல்வார்கள். மாலை வரை அதுவே வேலையாகிவிடும். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று கண்டறிய இங்கே நியூஸ் 2 என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடி, உணர்வு நிலை, வெப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டி, ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் 2 சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை 5 ஆனால் அவசரம், 7 ஆனால் நெருக்கடி. ஒருநாள் ஒருவருடைய மூச்சு நிமிடத்துக்கு 26 இருந்தது. 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 என்பதால் உடனே சொன்னேன். பொறுப்புச் செவிலியர் ஓடிவந்து திரையை இழுத்துவிட்டு, அடுத்த படுக்கைக்குப் போகும்படி கைகாட்டினார். அவர் செய்தது தவறென்று சொல்ல மாட்டேன். அங்கே அவருக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. ஆனால் உள்ளே என்ன நடந்தது, மூச்சு ஏன் அப்படி ஏறியது என்று ஷிப்ட் முடியும்வரை யாரும் சொல்லவில்லை. என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று: வீடு திரும்பும்போது அதைக் கேட்க வேண்டும் என்ற ஆசையே எனக்கு இல்லாமல் போயிருந்தது.

நீண்ட நாள் அழுத்தத்தால் மனம் சலித்துப்போவதை பர்ன் அவுட் என்கிறார்கள். மாணவர்களிடம் அதை அளக்க 2002-இல் ஓர் ஆய்வுக் குழு வகுத்த அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: களைத்துப்போதல், படிப்பின் மேல் பிடிப்பற்றுப்போதல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைதல். நாம் எப்போதும் முதலாவதை மட்டுமே பார்க்கிறோம், அதற்கு விடுப்பும் கொடுக்கிறோம். உங்கள் மாணவிகளின் "சரி மேடம்" இரண்டாவதைச் சேர்ந்தது. (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு பர்ன் அவுட்டை நோயாகக் கொள்ளாமல் பணியிடம் சார்ந்த நிலையாகவே வரையறுக்கிறது. வகுப்பில் மாணவியாகவும் வார்டில் பாதி ஊழியராகவும் இருப்பவளை எதில் சேர்ப்பார்களோ!)

இந்தப் பிடிப்பின்மை சோம்பலால் வருவதில்லை. லண்டனின் ஒரு போதனா மருத்துவமனையை ஆராய்ந்து உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960-இல் எழுதிய கட்டுரையை வகுப்பில் படித்தோம். நோயாளியோடு நெருங்கினால் எழும் பதற்றத்திலிருந்து செவிலியரைக் காப்பதற்காக, வேலைகள் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு மாணவி பல நோயாளிகளுக்கு ஒரே மாதிரியான சில வேலைகளை மட்டும் செய்யும்படி அமைந்திருந்ததாம். நோயாளியின் பெயருக்குப் பதிலாக "பத்தாம் படுக்கைக் கல்லீரல்" என்று சொல்லும் வழக்கமும் இருந்திருக்கிறது. பதற்றம் அதனால் தீரவில்லை, வேலையிலிருந்த நிறைவுதான் போயிற்று. என் அளவீட்டு வண்டியும் அதே ஏற்பாட்டின் மிச்சம்தான் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு நேர்மாறானது வீடு வீடாகச் சென்று சிகிச்சை அளிக்கும் பிரிவில் கிடைத்த பயிற்சி. அங்கும் நாள் முழுவதும் அலைச்சல்தான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காரில் போகும் இடைவெளியில் என் மேற்பார்வையாளர் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார். காலில் ஆறாத சிரைப் புண் உள்ள ஒருவருக்கு அழுத்தக் கட்டுப் போடுமுன் தமனியின் இரத்த ஓட்டத்தை ஏன் சோதித்தோம் என்று கேட்டார். தமனி அடைபட்ட காலில் இறுக்கிக் கட்டினால் வருகிற கொஞ்ச இரத்தமும் நின்றுவிடும் என்பதை நானே சொல்லும்வரை அவர் விடவில்லை. அன்றும் உடம்பு அலுத்துத்தான் போனது. ஆனால் இரவில் நானாகப் புத்தகத்தை எடுத்தேன்.

எழுத்துப் பணிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஷிப்ட்டுகளுக்கு நடுவிலேயே கட்டுரைகளின் கெடு வரும். பயிற்சி அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் கட்டுரைக்கு, 1988-இல் கிப்ஸ் வகுத்த ஆறு படிகளை எல்லோரும் பின்பற்றுகிறோம். களைத்தவள் கையில் அது படிவம் நிரப்புவதாகிவிடுகிறது, உணராததையும் உணர்ந்ததாக எழுதிவிடுகிறோம். மன உறுதியை வளர்க்கும் பயிலரங்குகளும் நடக்கின்றன. அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆள் குறைவான வார்டை அப்படியே வைத்துக்கொண்டு மாணவியின் மனத்தை மட்டும் பலப்படுத்தச் சொல்கின்றன.

மாணவர் விசாவில் இருப்பதால் வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வெளிவேலை செய்யலாம். பிளேஸ்மென்ட் அதில் சேராது. பிளேஸ்மென்ட் வாரங்களில் நான் வெளிவேலையை எடுப்பதில்லை, ஆகவே என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? மாணவிகள் வார்டிலிருந்து திரும்பியதும் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்பதற்கு முன், அன்று எந்த நோயாளியைப் பற்றி என்ன புரியாமல் வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்; பதிவேட்டில் அதை எழுதச் சொல்ல வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். மூன்றாம் ஆண்டு மாணவிகள் என்ன சொல்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அடுத்து எனக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி. அங்கே ஒரு செவிலியருக்கு ஓரிரு நோயாளிகள்தான் என்பதால் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். நிலைமையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை